முட்டை ஒரு நிதியாண்டில், குஞ்சு அடுத்த நிதியாண்டில்

ஒக்கலிபுரம்,
பெங்களூரு 21.
14 டிசம்பர் 2025

அன்பு மகள் தாமரைக்கு,

பெரியப்பா எழுதிக்கொண்டது. நானும் பெரியம்மாவும் நலம். பனி இறங்கியதிலிருந்து அவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. நீ கொடுத்தனுப்பிய மலைத்தேனில் பாதி தீர்ந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ மசினகுடியிலிருந்து பேசியபோது மூன்று தடவை லைன் அறுந்தது. நீயும் முழுசாகச் சொல்லவில்லை, நானும் முழுசாகக் கேட்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ வாய்விட்டுக் கேட்டது ஒன்று: மார்ச்சோடு உங்கள் பாறுக்கழுகுத் திட்டத்துப் பணம் முடிகிறது, அடுத்த கட்டத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும், அதில் பட்ஜெட் பக்கத்தை நான் பார்த்துத் தர வேண்டும். கேட்காமல் விட்டது இன்னொன்று: காட்டு வேலையை விட்டுவிட்டு ஒயிட்ஃபீல்டு கம்பெனிக்கு வந்துவிடலாமா என்பது. அதை உன் அப்பன் அன்று ராத்திரியே எனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கூடு. சீகூர் ஆற்றங்கரை நீர்மத்தி மரத்து உச்சியில் வெண்முதுகுப் பாறு ஒன்று முட்டையில் உட்கார்ந்திருக்கிறது, ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கின்றன, ஒன்று வந்து இறங்கும்வரை மற்றது அசைவதில்லை என்று சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் குரலே வேறாக இருந்தது. ஒரே முட்டையா என்று கேட்டேன். வருஷத்துக்கு ஒன்றே ஒன்றுதான் பெரியப்பா என்றாய். பொரிய ஐம்பது நாளுக்கு மேல் ஆகும், பொரிந்த குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க மூன்றரை, நான்கு மாசம் ஆகும் என்றும் சொன்னாய்.

போனை வைத்ததும் சுவரிலிருந்த காலண்டரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 33 வருஷம் மார்ச் 31 என்ற ஒரே தேதியைச் சுற்றி வேலை பார்த்தவனுக்குக் கை தானாக அங்கேதான் போகும். நவம்பரில் இட்ட முட்டை ஜனவரியில் பொரிகிறது. குஞ்சு பறக்க ஏப்ரல் கடைசியோ மே மாதமோ ஆகிவிடும். அதாவது முட்டை ஒரு நிதியாண்டில், குஞ்சு பறப்பது அடுத்த நிதியாண்டில். மார்ச் 31 ராத்திரி கஜானாக் கணக்கை மூடும்போது அந்தக் குஞ்சு பறக்கத் தெரியாமல் கூட்டிலேயே உட்கார்ந்திருக்கும். மரத்தடியில் காவல் இருக்கிற வாட்சரின் கூலி அன்றோடு நிற்கும். ஏப்ரலும் மேயும் புது வருஷத்து ஒதுக்கீடு கைக்கு வந்து சேராத மாசங்கள். குஞ்சுக்கு ஆள் துணை வேண்டிய நேரமும் அதுதான்.

அதோடு நிற்கவில்லை, தாமரை. பாறுக் குஞ்சு வளர்ந்து தானே முட்டையிட ஏறக்குறைய ஐந்து வயதாக வேண்டும் என்று போன வருஷம் நீ சொன்னது ஞாபகம் இருந்தது. நம் அரசுகள் எந்த உயிருக்குப் பணம் ஒதுக்கினாலும் பெரும்பாலும் ஐந்து வருஷத் திட்டமாகவே ஒதுக்குகின்றன. திட்டத்தின் முதல் வருஷம் பிறந்த குஞ்சு தன் முதல் முட்டையை இடும்போது திட்டம் முடிந்து, அலுவலகத்து வாடகை ஜீப்பையும் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். ஒரு ஜோடிக்கு ஐந்து வருஷத்தில் அதிகபட்சம் ஐந்து முட்டை. அத்தனையும் பொரிந்து, அத்தனை குஞ்சும் பிழைத்தால்தான் ஐந்து. அப்படி நடப்பதில்லை என்று என்னைவிட உனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு இது ஒன்றுதான் மனசில் ஓடுகிறது. அழியப்போகிற உயிருக்குக் கொடுக்கும் பணம் அந்த உயிரின் வயதுக்கு ஏற்றபடி வர வேண்டும். எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைவிட எந்த மாசம் கொடுக்கிறார்கள், எத்தனை வருஷம் விடாமல் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உன் விண்ணப்பமும் இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பணம் எப்படி வருகிறது என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். காட்டில் இருக்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை. மத்திய அரசில் வனவிலங்கு வாழிட ஒருங்கிணைந்த மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று உண்டு. அதற்குள்ளேதான் அழிநிலையில் இருக்கும் உயிரினங்களை மீட்கும் பிரிவு இருக்கிறது. பாறு, கானமயில், வரையாடு, கடற்பசு என்று இருபதுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. இமயமலை, வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும் 90க்கு 10. ஒவ்வொரு வருஷமும் காட்டிலிருந்து ஆண்டுச் செயல்திட்டம் மேலே போக வேண்டும். மாநிலத் தலைமையகம் பார்க்கும், டெல்லி பார்க்கும், முதல் தவணை விடுவார்கள், மாநிலம் தன் பங்கைச் சேர்க்கும், அது மண்டலத்துக்கு வந்து, கோட்டத்துக்கு வந்து, ரேஞ்சுக்கு வரும். போன வருஷத்துப் பணத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை நகராது. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு வாரம் என்றாலே மழைக்காலம் தாண்டிவிடும்.

15ஆவது நிதிக்குழுக் காலத்துக்கு இந்தத் திட்டத்துக்கென்று 2,600 கோடிக்குச் சற்று மேல் வைத்தார்கள். புலியும் யானையும் இப்போது இதற்குள்தான் அடக்கம். அந்தக் காலம் வரும் 2026 மார்ச் 31ஆம் தேதி முடிகிறது. ஏப்ரலில் 16ஆவது நிதிக்குழுக் காலம் தொடங்கும். திட்டங்களைத் திரும்ப எழுதி, திரும்ப ஒப்புதல் வாங்கும் இடைவெளி அது. உன் நீர்மத்தி மரத்துக் குஞ்சு சிறகடித்துப் பழகப்போவது சரியாக அந்த இடைவெளியில்தான்.

இதை யார்மேலும் பழி போட எழுதவில்லை. நானே அப்படி ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தவன். இதுவரை உன்னிடமும் உன் அப்பனிடமும் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

நான் கணக்குப் பிரிவில் சூப்பரின்டெண்டாக இருந்த காலம். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். காட்டுக் காவலர்களின் கூலி பில் ஒன்று என் மேஜைக்கு வந்தது. முந்தைய வருஷத்துச் சான்றிதழில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. விதிப்படி சிவப்பு மையில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினேன். அது போய், கையெழுத்து வாங்கி, என்னிடம் திரும்பி வர ஒன்பது வாரம் ஆனது. அந்த ஒன்பது வாரத்தில் ஒரு நாள், காட்டோரக் கிராமத்து வாட்சர் ஒருவர் நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நம்மாள்தான், தமிழ் பேசினார். காக்கிச் சட்டை தோளில் வெளுத்திருந்தது. ஒரு காலணியின் அடிப்பாகம் பிரிந்து, அதைச் சணல் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தார். மடியில் சோற்று மூட்டை. காலை பத்து மணியிலிருந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் மூட்டையைப் பிரித்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை.

லீவு போட்டுவிட்டா வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது. "லீவெல்லாம் எங்களுக்கு ஏது சார். இன்னைக்கு என் பீட்டுல ஆள் இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். கூலியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நான் எழுதிய ஒரு வரி சிவப்புக் குறிப்பால் எங்கேயோ ஒரு காட்டில் அன்றைக்கு ஒரு பீட் முழுக்க காவல் இல்லாமல் கிடந்தது என்பது அந்த வராந்தாவில்தான் எனக்கு உறைத்தது. அன்று மாலைக்குள் ஓடியாடி முன்பணமாகக் கொஞ்சம் வாங்கிக் கொடுத்தேன். அதை யாரும் செய்திருக்கலாம், நானும் முதல் வாரமே செய்திருக்கலாம். செய்யவில்லை. அந்த வருஷம் காட்டுத்தீத் தடுப்புக்கான பணம் மார்ச் கடைசி வாரத்தில்தான் இறங்கியது. தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டியது டிசம்பர், ஜனவரியில். நெருப்பு பிப்ரவரியிலேயே வந்து போய்விட்டது.

இனி நல்லதைச் சொல்கிறேன். விடாமல் பணம் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உன் காட்டை ஒட்டியே சாட்சி இருக்கிறது. 1973இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த ஒன்பது காப்பகங்களில் பந்திப்பூரும் ஒன்று. அதற்கு முந்தைய வருஷத்துக் கணக்கில் நாடு முழுக்க 1,827 புலிகள். இடையில் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சாமல் போனது, 2006 மதிப்பீட்டில் 1,411 என்று இறங்கியது, ஊரே அழுதது. ஆனாலும் திட்டத்தை இழுத்து மூடவில்லை. சட்டத்தைத் திருத்தினார்கள், தனி ஆணையம் அமைத்தார்கள், பணத்தைத் தொடர்ந்தார்கள். 2022 மதிப்பீட்டின் சராசரி 3,682. ஐம்பது வருஷம் விட்டுவிடாமல் கொடுத்ததன் பலன் அது. அந்த 2006 சட்டத் திருத்தத்தில் இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஒரு அறக்கட்டளை. நுழைவுக் கட்டணம் பொதுக் கஜானாவுக்குப் போய்க் கரையாமல் அந்தக் காட்டுக்கே திரும்புகிறது. அந்தப் பணத்துக்கு மார்ச் 31 கிடையாது. கூலி தாமதமாகும்போது கைகொடுப்பது அதுதான். உங்கள் கூடுகள் முதுமலைக் காப்பகத்தின் எல்லைக்குள் வருமானால் அந்த வழியைக் கேட்டுப் பார்.

அமெரிக்காவில் 1937லேயே துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியை வனவிலங்குகளுக்கென்று சட்டம் போட்டு ஒதுக்கிவிட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் யாரிடமும் போய்க் கை நீட்ட வேண்டியதில்லை. நம்மிடம் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் தமிழ்நாடு அரசு இப்போது அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கென்று 50 கோடி ரூபாய் நிதியம் ஒன்றை அமைக்க முன்வந்திருப்பதைப் படித்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். நிதியம் என்றால் முதல் அப்படியே இருக்க, வட்டி வருஷா வருஷம் வந்துகொண்டிருக்கும். பாறுவின் வயதுக்கு ஒத்துப்போகிற பணம் அப்படிப்பட்டதுதான்.

வரையாட்டுக்கு 25.14 கோடி ஒதுக்கி 2022 முதல் 2027 வரை வேலை நடக்கிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031, 2025இல் 1,303. மாநில விலங்கு, மலை உச்சியில் நிற்கும் அழகு, மக்கள் மனசில் இடம் இருக்கிறது. யாரும் கண்டுகொள்ளாத உயிர்களுக்கும் இந்த வருஷம் ஒரு கோடி ஒதுக்கினார்கள்: சிங்கவால் குரங்குக்கு 48.5 லட்சம், முள்ளெலிக்கு 20.5 லட்சம், மீசைக்கார ஆற்று மீனான மாசீருக்கு 17 லட்சம், கழுதைப்புலிக்கு 14 லட்சம். தொகை சிறியது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முள்ளெலிக்கு என்று அரசுக் கணக்கில் ஒரு தலைப்பு உண்டாகிவிட்டது. தலைப்பு இருந்தால்தான் அடுத்த வருஷம் அதன்கீழ் ஒரு தொகையை எழுத முடியும். தலைப்பே இல்லாத உயிருக்கு எந்த நிதிச் செயலாளரும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வழியில்லை.

செடி கொடிகளுக்கு இன்னமும் கஷ்டம். நான் சாயங்காலம் நடக்கப்போவது மல்லேஸ்வரம் பதினெட்டாவது கிராஸ் வரை. அங்கே மர அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, சந்தனத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள். திப்பு சுல்தான் ராஜமரம் என்று அறிவித்த மரம், மைசூர் சமஸ்தானத்துக்கும் பிறகு அரசுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பணம் கொட்டிய மரம். இன்றைக்கு அது உலகச் சிவப்புப் பட்டியலில் நிற்கிறது. வைரம் பாயவே பத்துப் பதினைந்து வருஷம் வேண்டும். ஐந்து வருஷத் திட்டத்தில் நட்டு, ஐந்து வருஷத்தில் எண்ணிக் காட்ட என்ன இருக்கும்? 1993இல் டென்மார்க் அரசின் உதவியோடு இந்த பெங்களூரிலிருந்து தொடங்கி, கர்நாடகம், தமிழ்நாடு, கேரளக் காடுகளில் முப்பது இடங்களை மூலிகைக் காப்பிடங்களாக ஒதுக்கினார்கள். வெட்டாமல், பறிக்காமல், இருந்த இடத்திலேயே செடியைக் காப்பது. அது நல்ல யோசனை. வெளிநாட்டு உதவி நின்ற பிறகும் இப்படிப்பட்ட காரியங்களைக் கைவிடாமல் எடுத்து நடத்துவது நம் அரசுகளின் கடமை.

போன மாசம் பேரனைக் கூட்டிக்கொண்டு ராமநகரம் போனேன். நம் வீட்டிலிருந்து மெஜஸ்டிக் ஸ்டேஷன் நடக்கிற தூரம்தானே, காலை ரயிலில் ஒரு மணி நேரம். ராமதேவர பெட்டா இந்தியாவின் முதல் பாறுகள் சரணாலயம், 2012இல் அறிவித்தார்கள். சுமார் 346 ஹெக்டேர். ஊரில் அந்த மலையைக் கேட்டால் ஷோலே படம் எடுத்த இடம் என்பார்கள். பாறு என்றால் யாருக்கும் தெரியாது, கன்னடத்தில் ரணஹத்து என்று கேட்டதும் ஒரு பெரியவர் மட்டும் கையைத் தூக்கிப் பாறையைக் காட்டினார். செங்குத்தான பாறைமுகத்தில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி வெள்ளைக் கோடுகள். அது பாறுகளின் எச்சம், கூட்டுக்கு அடையாளம் என்று நீ முன்பு சொல்லியிருந்தாய். கோடுகள் நிறைய, பழசாகி மங்கியவை. பறவைதான் இல்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒன்றே ஒன்று, கருங்கழுத்துப் பாறு, பாறையின் விளிம்பிலிருந்து கழன்று விழுவது மாதிரி இறங்கி, ஒரு தடவைகூடச் சிறகை அடிக்காமல் நாலைந்து வட்டம் ஏறிப்போனது. பையன் வாயைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். தாத்தா, இது ஒண்ணுதான் இருக்கா என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை.

இந்தப் பாறுகள் எப்படிச் செத்தன என்பது எனக்கே நீ சொல்லித்தான் தெரியும். மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. அந்த மாடு செத்தால், அதைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் கெட்டுச் சாவு. நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து தங்கியிருந்தாலே இனம் முழுக்க அழிந்துபோகப் போதும் என்றாய். பதினைந்து வருஷத்துக்குள் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதும் போயின. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015இல் 3 மில்லிக்கு மேல் புட்டி கூடாது என்றார்கள். 2023இல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் கால்நடைக்குத் தடுத்தார்கள். தடை போடக் காசு வேண்டாம். தடை நடக்கிறதா என்று மருந்துக் கடையில் போய்ப் பார்க்கத்தான் காசு வேண்டும்.

பாறு போனதால் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்கும் அதிகாரி கட்டாயம் ஒருவர் இருப்பார். அவருக்காக ஒரு கணக்கை விண்ணப்பத்தில் சேர். 2024இல் ஏயல் ஃப்ராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் எழுதிய ஆய்வு. பாறுகள் இல்லாமல் சடலங்கள் அழுகிக் கிடந்ததால், தெருநாய் பெருகியதால், தண்ணீர் கெட்டதால் 2000 முதல் 2005 வரை ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று மதிப்பிட்டார்கள். எந்த மாநகராட்சியும் கொடுக்க முடியாத துப்புரவுச் சேவையை அந்தப் பறவை கூலி கேட்காமல் செய்துகொண்டிருந்தது.

பணம் மட்டும் எல்லாம் செய்துவிடாது என்பதையும் மறைக்காமல் எழுது. கானமயிலுக்கு 2016இல் 33.85 கோடி, ஏழு வருஷத்துக்குக் கொடுத்தார்கள். ராஜஸ்தானில் குஞ்சு பொரித்து வளர்க்கிறார்கள், அது பெரிய காரியம். ஆனால் வெளியே பறக்கிற பறவை உயர் அழுத்த மின்கம்பியில் மோதிச் சாகிறது. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது. நம் கர்நாடகத்தில் பல்லாரிப் பக்கம் சிருகுப்பாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் அந்தப் பறவை இருக்கிறது. ஒரு கையால் பணம் கொடுத்து மறு கையால் கம்பி இழுத்தால் கணக்கு நேராகாது.

இப்போது உன் பட்ஜெட் பக்கம். நீ அனுப்பிய வரைவில் கருவிகள்தான் முதலில் நிற்கின்றன: கேமரா, டிரோன், ஜி.பி.எஸ். பட்டை. அவற்றைக் கீழே இறக்கு. முதல் தலைப்பு வாட்சர் கூலி. அதிலும் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாசத்தையும் தனியாகப் பிரித்து, முந்தைய நிதியாண்டிலேயே முன்பணமாக விடுவிக்க வேண்டும் என்று காரணத்தோடு கேள். காரணம் அந்தக் குஞ்சுதான். கூட்டின் தேதிகளை அப்படியே எழுது, முட்டையிட்ட நாள், பொரிந்த நாள், பறந்த நாள். அதைப் படிக்கிற நிதி அதிகாரிக்கு ஒரு தடவை புரிந்துவிட்டால் போதும், அவரும் மனுஷர்தான். அடுத்து, புலி அடித்த மாட்டுக்கு இழப்பீடு. இது பாறுத் திட்டத்தில் எதற்கு என்று கேட்பார்கள். இழப்பீடு தாமதமானால் ஆத்திரத்தில் மாட்டுக்காரர் சடலத்தில் பூச்சிமருந்தைத் தெளிக்கிறார், புலிக்கு வைத்த விஷத்தைப் பாறு கூட்டம் கூட்டமாக இறங்கித் தின்கிறது. ஒரு வாரத்துக்குள் மாட்டுக்காரர் கையில் பணம் போனால் விஷம் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. மாட்டு மருத்துவர்களுக்கு மெலாக்சிகாம் கையிருப்பு வாங்கிக் கொடுக்க ஒரு தொகை வை. பாறுவுக்குக் கெடுதல் செய்யாத வலிமருந்து அது, கையில் இருந்தால் வேறு புட்டியைத் தேட மாட்டார்கள்.

கணக்கெடுப்பைப் பற்றியும் ஒன்று. 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்று மாநிலமும் சேர்ந்து பாறுகளை எண்ணியபோது 246, அதே வருஷக் கடைசியில் 320 என்று நீதான் சொன்னாய். வருஷத்துக்கு ஒரு முட்டையிடும் பறவை பத்து மாசத்தில் 74 கூட முடியாது. கூடியது எண்ணும் இடங்களும் எண்ணும் ஆட்களும். அதை வெற்றி என்று எழுதாதே. இப்போதுதான் சரியாக எண்ணத் தொடங்கியிருக்கிறோம், இதே இடங்களில் இதே முறையில் பத்து வருஷம் எண்ண வேண்டும் என்று எழுது. விண்ணப்பத்தையே பத்து வருஷத்துக்குப் போடு. ஐந்துக்குமேல் கொடுக்க விதியில்லை என்பார்கள். பரவாயில்லை, பத்து வருஷ அட்டவணையைப் போட்டு, முதல் ஐந்தை மட்டும் இப்போது கேட்பதாகக் குறி. அடுத்த முறை அந்த நாற்காலியில் உட்காருகிறவர் அட்டவணையின் மறுபாதியைப் பார்ப்பார்.

பயன்பாட்டுச் சான்றிதழை ஜூனுக்குள் அனுப்பு. எல்லாக் கையெழுத்தும் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார். இதை எதற்குச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

ஒயிட்ஃபீல்டு வேலையைப் பற்றி. நீ காட்டிலேயே இரு, தாமரை. என் விருப்பம் அதுதான், வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா திருப்பத்தூரிலிருந்து பின்னி மில் வேலைக்கு வந்து இந்த ரயில் பாதை ஓரம் குடியேறினார். நம் வீட்டுப் பிள்ளைகள் நிலையான சம்பளம் தேடித்தான் இந்த ஊருக்கு வந்தார்கள், அதில் தப்பில்லை. உன் அப்பன் பயப்படுவதும் அதனால்தான். அவனிடம் நான் பேசுகிறேன். கம்பெனி வேலைக்கு உன் இடத்தில் இன்னொருவர் நாளைக்கே வருவார். அந்தக் கூட்டின் தேதிகளை மனப்பாடமாக வைத்திருக்கிறவள் நீ ஒருத்திதான்.

இன்னொன்று. மார்ச்சுக்குள் புதுப் பணம் வராவிட்டால், ஏப்ரல், மே இரண்டு மாசத்துக்கு அந்த மரத்தடி வாட்சரின் கூலியை என் பென்ஷனிலிருந்து அனுப்புகிறேன். எவ்வளவு என்று மட்டும் எழுது. பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவளும் சரி என்றாள். இது அரசு செய்ய வேண்டியது, ஒரு ஆள் ஒரு மரத்துக்குச் செய்து தீராது என்று தெரியும். ஆனால் இந்த ஒரு குஞ்சுக்கு இந்த வருஷம் ஆள் இல்லை என்று ஆகக் கூடாது.

பொங்கலுக்கு வரும்போது வரைவைக் கையோடு கொண்டுவா, உட்கார்ந்து திருத்தலாம். குஞ்சு பறந்த அன்றைக்கு, எந்த நேரமானாலும் சரி, எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
பெரியப்பா